நம்பிக்கை தனியது, ஊருணி பொதுவானது

(சந்தாபுராவில் தமிழ்த் தொழிலாளர் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் ஒருபோதும் இடம்பெறாமல், ஆனால் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் தவறாமல் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. பொம்மசந்திராவில் வேலை செய்து சந்தாபுராவில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் ஆடி மாதத்தில் ஊருக்குச் சென்று அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார். மற்றொருவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் சென்ற பிறகே சங்க அலுவலகத்துக்கு வருகிறார். இன்னொருவர் நோன்பு நோற்றபடியே இரவுப் பணி பார்க்கிறார். இவர்கள் முழுமையான கம்யூனிஸ்டுகள்தாமா?

இக்கேள்வி பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் கேட்கப்படுகிறது. ஆயினும் கேட்கப்பட்டவரின் நெஞ்சில் அது வேடிக்கையாகத் தங்குவதில்லை. அவர் வாதாடுவதுமில்லை; விலகல் கடிதம் எழுதுவதுமில்லை. அடுத்த ஆண்டு புதுப்பித்தலின்போது அவருடைய பெயர் பட்டியலில் இல்லை, அவ்வளவே. ஏன் வரவில்லை என்று கேட்டால் ஷிப்டு மாறிவிட்டது என்பார். எனவே இக்கேள்விக்குத் தெளிவான விடை காண்பது அமைப்பின் உயிர்நிலையோடு தொடர்புடைய பணியாகும். நம்பிக்கை, தொண்டு, குடிமைப் பொறுப்பு என்னும் மூன்றையும் பிரித்தறிந்தும் இணைத்தறிந்தும் பார்த்தால்தான் அந்த விடை கிடைக்கும்.

நம்பிக்கை: வலியும் மருந்தும்

மதத்தை அபின் என்று மார்க்ஸ் குறிப்பிட்டதை அறியாத தோழர் இல்லை. 1844இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில், அச்சொல்லுக்கு முன்னால் அவர் சொன்னதை அறிந்தவர் குறைவு. மதம் என்பது உண்மையான துன்பத்தின் வெளிப்பாடு, அத்துன்பத்துக்கு எதிரான முறையீடும்கூட என்பதே அங்கு அவர் நிறுவும் கருத்து. தமிழில் அபின் என்றதும் மயக்கம் ஒன்றே நினைவுக்கு வருகிறது. அவர் எழுதிய காலத்து ஐரோப்பாவில் அது மருந்துக் கடையில் விற்கப்பட்ட வலி நிவாரணி. மருந்தை மட்டும் பிடுங்கிவிட்டு வலியை விட்டுவைப்பவர் நோயாளிக்கு நன்மை செய்தவர் ஆகார். வலியின் காரணத்தை அகற்றுவதே மார்க்சியம் ஏற்றுக்கொண்ட பணி.

இதனை அமைப்புக் கோட்பாடாக வகுத்தவர் லெனின். 1905இல் எழுதிய கட்டுரையில், அரசைப் பொறுத்தவரை மதம் குடிமக்களின் சொந்த விஷயமாக இருக்க வேண்டும் என்றார். எந்தக் குடிமகனுடைய மதத்தையும் அரசு கேட்கலாகாது; எந்த மத நிறுவனத்துக்கும் அரசின் பணம் செல்லலாகாது. கட்சி தன் அறிவியல் உலகநோக்கை மறைக்க வேண்டியதில்லை. எனினும் நாத்திகத்தைத் தன் திட்டத்தில் நிபந்தனையாக எழுதவும் இல்லை, நம்பிக்கையுள்ள தொழிலாளிக்குக் கதவை அடைக்கவும் இல்லை. 1909இல் மீண்டும் எழுதியபோது ஒரு வேலைநிறுத்தத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கிறிஸ்தவத் தொழிலாளர்களும் நாத்திகத் தொழிலாளர்களும் சேர்ந்து போராடுகின்ற இடத்தில், அந்நேரம் பார்த்துக் கடவுள் மறுப்பை முதன்மைப்படுத்துபவர் முதலாளியின் வேலையைச் செய்கிறார் என்பது அவருடைய முடிவு.

இந்த எடுத்துக்காட்டுக்கு ரஷ்யா வரை செல்ல வேண்டியதில்லை. சந்தாபுராவுக்கு அருகிலுள்ள ஹெப்பகோடியே போதும். 2016 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வருங்கால வைப்பு நிதி விதியை மாற்றியது. வேலையை விட்டு நின்றாலும், நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்கள் பெங்களூருவின் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து பல்லாயிரம் பெண்கள் வெளியேறி ஓசூர் சாலையை நிறைத்தார்கள். பெரிய சங்கம் எதுவும் அறைகூவல் விடுத்ததாகச் சொல்ல முடியாது. தடியடி நடந்தது, வாகனங்கள் எரிந்தன. ஏப்ரல் 19 அன்றே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் குங்குமம் இட்டவர் இருந்தார், சிலுவை அணிந்தவர் இருந்தார், முக்காடிட்டவர் இருந்தார். கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒலித்தன. யார் எந்தக் கடவுளை வணங்கினார் என்ற கணக்கை அன்று ஒருவரும் எடுக்கவில்லை.

ஆகவே முதல் விடை இது: நம்பிக்கை உறுப்பினரின் மனச்சான்றைச் சார்ந்தது. அதைப் பற்றி விவாதிக்கலாம், படிக்கலாம், மாற்றமும் நிகழலாம். ஏளனத்தால் எவரும் பொருள்முதல்வாதியாக மாறியதில்லை. அதேவேளையில், அந்த நம்பிக்கை சாதியைக் காக்கவும், அடுத்த மதத்தவரை வெறுக்கவும், மனைவியை அடக்கவும் கருவியாகும் இடத்தில் அது சொந்த விஷயமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அங்கே கட்சி தலையிட்டே ஆக வேண்டும்.

தொண்டு: ஈகையும் ஒப்புரவும்

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. நம்பிக்கையாளர் பலர் தம் நம்பிக்கையின் பெயரால் பிறருக்குத் தொண்டு செய்கிறார்கள். அன்னதானம், மருத்துவ முகாம், மாலை நேர வகுப்பு, இரத்த தானம் எனப் பலவும் நடைபெறுகின்றன. வகுப்புவாத அமைப்புகளும் இதே வழியில்தான் குடியிருப்புகளுக்குள் நுழைகின்றன. முதலில் நோட்டுப் புத்தகம் வருகிறது, பிறகு வெறுப்பு வருகிறது. இதைக் கண்டு தொண்டு முழுவதையுமே ஏமாற்று என்று ஒதுக்குவது தவறு. தொண்டு செய்தால் போதும், அரசியல் எதற்கு என்று நினைப்பதும் தவறு.

தமிழ் மரபு இவ்விடத்தில் நுட்பமான ஒரு வேறுபாட்டை வைத்திருக்கிறது. திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரம் இருபத்து மூன்றாவது. அதற்கு முன்னே, இருபத்திரண்டாவதாக நிற்பது ஒப்புரவறிதல். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊருக்குப் பயன்படுமாறு ஒழுகுவது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர்; கை ஒன்று மேலே இருக்கும், மற்றொன்று கீழே இருக்கும். ஒப்புரவில் அந்த மேல் கீழ் இல்லை. அதற்கு வள்ளுவர் தரும் உவமையே சான்று: ஊரார் குடிக்கும் நீர் நிறைந்த ஊருணி. அதில் தண்ணீர் எடுக்க வருபவர் யாருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. அது அவருடையதும்தான்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கை நினைவுகூர்ந்தால் இந்த வேறுபாடு விளங்கும். பெங்களூருவில் வேலையும் கூலியும் இழந்து அடைபட்ட புலம்பெயர் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கங்களும் மசூதிகளும் தேவாலயங்களும் குருத்வாராக்களும் இளைஞர் குழுக்களும் உணவளித்தன. அது போற்றத்தக்க தொண்டு. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் கேட்டது உணவுப் பொட்டலம் மட்டுமன்று. ஊருக்குச் செல்ல ரயில் கேட்டார்கள். மே மாதம் முதல் வாரத்தில் கர்நாடக முதலமைச்சர் கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்தார். அதையடுத்து, அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் வேண்டாம் என்று மாநில அரசு ரயில்வேக்கு எழுதியது. கட்டடம் கட்ட ஆள் வேண்டும் என்பதே அதன் பொருள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே அம்முடிவு கைவிடப்பட்டது. பசித்தவனுக்குச் சோறு போட்டது ஈகை. அவன் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமைக்காகக் குரல் எழுப்பியது ஒப்புரவு. முதலாவது இல்லாமல் அவன் அன்றிரவு உயிரோடு இருந்திருக்க மாட்டான். இரண்டாவது இல்லாமல் அவன் கொத்தடிமையாகவே இருந்திருப்பான்.

தமிழ்நாட்டின் வரலாற்றிலும் இவ்விரண்டும் தொடர்ந்து வருகின்றன. 1867 மே 23 அன்று வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையவில்லை. சாதி மதம் பாராமல் பசித்த வயிறு ஒன்றையே தகுதியாகக் கொண்ட அந்த அடுப்பை, கடவுள் நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்பதற்காக எந்த இடதுசாரியும் குறைத்து மதிப்பிட முடியாது.

அதற்கு அடுத்த படியை எடுத்து வைத்தவர் ம. சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்த அவர் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு, மகாபோதி சங்கத்தின் பணிகளைச் சென்னையில் நடத்தியவர். பின்னர் அறிவியலையும் மார்க்சியத்தையும் கற்றுப் பகுத்தறிவுக் கட்டுரைகள் எழுதினார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டில் அவர் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் ஆனார் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. உலகப் புரட்சியைப் பற்றிப் பேசிய அந்த முதியவர், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவைப் பற்றியும் மன்றத்தில் பேசினார். அந்த உணவு எவருடைய கொடையாகவும் இருக்கலாகாது, நகராட்சியின் கடமையாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். வடலூரின் அடுப்பு பள்ளிக்கூடத்துக்குள் சென்றபோது ஈகை உரிமையாக மாறியது. நம்பிக்கையிலிருந்து தொண்டுக்கும், தொண்டிலிருந்து குடிமைப் பொறுப்புக்கும் செல்லும் பாதை இதுவே.

குடிமைப் பொறுப்பு: எந்த ஊரின் ஊருணி?

இனி மூன்றாவது கேள்விக்கு வரலாம். இங்குதான் தற்பரிசோதனை தேவைப்படுகிறது.

சந்தாபுராவின் ஏரியை அறியாதவர் இக்கூட்டத்தில் இல்லை. அதன் அருகே நடப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் சுத்திகரிக்கப்படாமல் கலந்ததால் அந்த ஏரி அழிந்தது. 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரிக்கு நேர்ந்த சேதத்துக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சிற்றூர் ஏரிக்கு ஐந்நூறு கோடி! கட்சிக் கிளைகளில் எத்தனை இந்த உத்தரவைப் படித்து விவாதித்தன? லத்தீன் அமெரிக்காவின் தேர்தல் முடிவுகளை விளக்கக்கூடிய தோழருக்குத் தம் தெருவின் சாக்கடை எந்தக் கால்வாயில் விழுகிறது என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அவர் கடவுளை நம்பாதவராக இருப்பதால் மட்டும் மக்களுக்கு என்ன பயன்?

இந்த அலட்சியத்தின் வேர் ஆழமானது. "இது நம்ம ஊர் இல்லையே" என்னும் ஒற்றை வாக்கியத்தில் அது அடங்கியிருக்கிறது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து பத்து, இருபது ஆண்டுகளாக இங்கே வாடகை கொடுப்பவர்கள், வாக்களிக்க மட்டும் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். பெற்றோருக்குக் கன்னடத்தில் புரசபைக்கு ஒரு மனு எழுத வராது. காவிரிச் சிக்கல் எழும்போதெல்லாம், 1991இலும் 2016 செப்டம்பரிலும், தமிழர்கள் தாக்கப்பட்ட நினைவு அச்சத்தை வளர்த்திருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தலைகுனிந்து ஒதுங்கி வாழ்வதால் எந்தச் சிறுபான்மையும் பாதுகாப்புப் பெற்றதில்லை. அண்டை வீட்டுக் கன்னடத் தொழிலாளியுடன் தண்ணீருக்காகவும் கூலிக்காகவும் தோளோடு தோள் நின்றவரையே அவர் ஆபத்து வேளையில் தம் வீட்டுக்குள் அழைத்துக் காப்பார்.

"நம்ம ஊர் இல்லை" என்னும் எண்ணத்தைத் தண்ணீரே மறுக்கிறது. ஆனேக்கல் வட்டத்தின் ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைக்கப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு வழியும். சந்தாபுராவின் மிகுநீர் சேரும் இடம் தென்பெண்ணைப் படுகை. பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் அந்த ஆற்றால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைத் தமிழ்நாட்டு உழவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே கடல். இங்கே ஒரு தொழிற்சாலை இரவில் திறந்துவிடும் கழிவு, இக்கூட்டத்தில் இருப்பவரின் தந்தை வயலுக்குப் பாய்ச்சும் நீரோடு கலக்கிறது. சந்தாபுரா ஏரிக்காகப் போராடுபவர் அயலூருக்காகப் போராடவில்லை. தம் ஊருக்கு மேலே, நீர் வரும் வழியில் நின்று போராடுகிறார்.

குடிமைப் பொறுப்பு தளரும்போது என்ன நேரும் என்பதற்கு இதே சாலையில் இன்னொரு சான்றும் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று எரிந்து, 14 பேருக்கும் மேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தருமபுரி, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தீபாவளிப் பருவ வேலைக்காக வந்த இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. தமிழ்நாடு அரசு 3 லட்சமும் கர்நாடக அரசு 5 லட்சமும் நிவாரணம் அறிவித்தன. பண்டிகையின் ஒளிக்காக வந்த பிள்ளைகள் பெட்டிகளில் ஊர் திரும்பினர். கிடங்குக்கு உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்று இருந்தது; ஆய்வு செய்ய வேண்டிய துறைகள் இருந்தன; அந்தச் சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சென்றுவந்தார்கள். இத்தனை பட்டாசு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கலாமா என்று கேட்கும் வலிமை வாய்ந்த அமைப்பு ஒன்று மட்டும் அங்கே இல்லை. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது யார் என்பதை இடதுசாரி இயக்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடமை யாருடையது?

குடிமைப் பொறுப்பு என்றவுடன் ஆளும் வர்க்கம் உடனே தொழிலாளியை நோக்கி விரல் நீட்டும்: குப்பை போடாதே, வரி கட்டு, வரிசையில் நில். அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் என்னும் 51அ பிரிவு 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியே, அவசரநிலைக் காலத்தில் சேர்க்கப்பட்டது. உரிமைகள் முடக்கப்பட்ட வேளையில் கடமைகள் நினைவூட்டப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. எனினும் அப்பிரிவில் ஏரிகளையும் ஆறுகளையும் காப்பதும், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும் குடிமகனின் கடமைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தைத் திருப்பிப் பிடிக்கலாம். ஏரியைக் காப்பது குடிமகனின் கடமை என்றால், அதில் கழிவை விடும் முதலாளியைத் தடுப்பதும், தடுக்காத வாரியத்தை முற்றுகையிடுவதும் அக்கடமையின் பகுதிகளே ஆகும்.

இதில் நம்பிக்கையாளர்களைத் துணைவர்களாகக் கொள்ள முடியும். ஆனேக்கலிலும் பெங்களூருவிலும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கரகத் திருவிழா நடைபெறுகிறது. அதனை நடத்துபவர் தோட்டக்காரச் சமூகமான திகளர். தமிழரைக் குறிக்கவும் கன்னடத்தில் வழங்கிய சொல் அது. பெங்களூருக் கரகம் நள்ளிரவில் மஸ்தான் சாகிப் தர்காவுக்குச் சென்று வருவது நெடுநாள் மரபு. அக்கரகத்தின் சடங்குகள் சம்பங்கி ஏரியோடு பிணைந்தவை. அந்த ஏரியோ வற்றவைக்கப்பட்டு, கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். ஏரியால் வாழ்ந்த தோட்டக்காரர்களின் தெய்வம் இருக்கிறது, ஏரி இல்லை. நம்பிக்கையாளரிடம் கடவுள் உண்டா இல்லையா என்று தொடங்குவதைவிட, உங்கள் கரகத்துக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டுத் தொடங்கும் தோழர் அதிக தூரம் செல்வார். தர்காவின் வாசலில் கரகம் நிற்கும் அந்தச் சில நிமிடங்களைக் காப்பதும் மதவெறிக்கு எதிரான அரசியல் பணிதான்.

இவற்றிலிருந்து எழும் பணிகள் எளியவை. சந்தாபுராவிலும் சுற்றுப்புறத்திலும் நிரந்தரமாக வாழும் உறுப்பினர்கள் தம் பெயரை இங்குள்ள வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் முடிவைக் குடும்பத்தோடு கலந்து எடுக்க வேண்டும். இரண்டு ஊரில் பெயர் இருக்க முடியாது என்பதால் இது எளிதான முடிவன்று, ஆனால் தள்ளிப்போடக் கூடாத முடிவு. ஒவ்வொரு கிளையிலும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருவராவது உருவாக வேண்டும். 500 கோடி உத்தரவு என்னவாயிற்று என்ற கேள்வியைப் புரசபையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கன்னடத் தோழர்களின் கையெழுத்தும் தமிழ்த் தோழர்களின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பருவ வேலைக்கு ஊரிலிருந்து பிள்ளைகள் வரும் மாதங்களில் அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கிளை அறிந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது திரும்பலாம். கூழ் ஊற்றுபவரும், தேவாலயம் செல்பவரும், நோன்பு இருப்பவரும் முழுமையான கம்யூனிஸ்டுகளா? எவரும் முழுமையாகப் பிறப்பதில்லை, போராட்டத்தில்தான் உருவாகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராகச் சங்க அலுவலகத்துக்கு வரும் அந்தத் தோழரிடம் அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்பது தேவையற்றது. மனுவில் கையெழுத்து வாங்க எந்தத் தெருவை எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டால் போதும். அவர் ஒரு தெருவைச் சொல்வார். அதற்கு அடுத்த தெருவைச் சொல்ல வேண்டியவர், அவரை வேடிக்கை செய்த தோழர்.